குளியலறைக் கதவில் ஒரு ஜங்ஷன்

பல் டாக்டர் அந்தப் பக்கம் போனை வைத்து வெகு நேரமாகியும், படங்களுக்குச் சட்டம் போடும் பிரேம் கடைக்காரர் இந்தப் பக்கம் காதிலிருந்து எடுக்கவில்லை.

"யாருங்க?" என்றாள் மனைவி. படத்துக்கு அடியில் வைக்கும் அட்டையை வெட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"சங்கத்துச் செயலாளர். பல் டாக்டர்."

"அதுக்காக, பல்லைப் புடுங்கிட்டுப் போன மாதிரியா உக்காந்திருக்கிறது?"

"ஞாயித்துக்கிழமை காலையில நம்ம வீட்டுக்கு வர்றாங்களாம். ரயில் பாக்க."

"வரட்டுமே. வீட்டுக்கு நாலு பேரு வந்தா நல்லதுதானே."

"அவங்க ஐந்நூறு அடியைப் பாக்க வர்றாங்க."

மனைவி கத்தரியைக் கீழே வைத்தாள். கடைக்குப் பின்னால்தான் வீடு. உட்கார்ந்த இடத்திலிருந்தே படுக்கையறை தெரியும். அங்கே கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே நாலு ஸ்டூல்களின் மேல் ஒரு பழைய குளியலறைக் கதவு படுத்திருந்தது. கதவின் மேல் ஒரு ஸ்டேஷன், ஒரு குகை, ஒரு பாலம், பஞ்சில் செய்த மரங்கள், கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் உயரமான பயணிகள். எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு ஒரு தண்டவாளம். கதவின் தாழ்ப்பாள் துருப்பிடித்துக் கழற்ற வராததால், அதற்குச் சிவப்பும் வெள்ளையும் பூசி ரயில்வே கேட் ஆக்கியிருந்தார்.

"எந்த ஐந்நூறு அடி?" என்றாள் மனைவி.

அது ஒரு நாற்காலியின் கதை.

சிறு ரயில் சங்கம் நூலகத்து மாடியில் மாதம் ஒருமுறை கூடும். அங்கே யாரும் யாரையும் சம்பளம் கேட்பதில்லை, வயது கேட்பதில்லை. "வீட்டுல ரயிலுக்கு எவ்வளவு இடம் விட்டிருக்கீங்க?" என்பது ஒன்றுதான் கேள்வி. தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. மாடி முழுவதும் ரயில், எண்ணூறு அடி என்பார். பொருளாளர் ஜவுளிக்கடைக்காரர், கார் ஷெட்டில் அறுநூறு. செயலாளரான பல் டாக்டருக்கு வீட்டின் பின்பக்கம் நானூறு. நாற்காலிகள் அந்த வரிசையில்தான் போடப்படும். இடம் சொல்லாதவர்கள் கதவோரம் நிற்க வேண்டியதுதான். பிரேம் கடைக்காரர் பல மாதங்கள் அப்படி நின்றார். ஒரு நாள் தலைவர் திரும்பி, "நீங்க? உங்களுக்கு எவ்வளவு?" என்று கேட்டுவிட்டார்.

"ஐந்நூறு அடிக்கு மேல வரும் சார்," என்றார் இவர்.

உடனே பொருளாளர் பக்கத்தில் ஒரு நாற்காலி விழுந்தது. பல் டாக்டர் ஓர் இடம் தள்ளி உட்கார்ந்தார்.

"பொய்யா சொன்னீங்க?" மனைவியின் குரல் இறங்கிவிட்டது. தினமும் விளக்கேற்றிவிட்டுத்தான் கடை திறக்கிற வீடு அது.

"பொய் இல்லம்மா. நிஜ ரயிலுல எண்பத்தேழுல ஒரு பங்குதான் நம்ம ரயிலு. கதவு ஆறடி. ஆறை எண்பத்தேழால பெருக்கிப் பாரு. அந்த ஊருல நிக்கிறவங்க கணக்குக்கு ஐந்நூத்துச் சொச்சம் அடி. நான் எப்பவும் அவங்க கணக்குலதானே பேசுவேன்."

"கேட்டது அந்த ஊர்க்காரங்களா, நீதிபதியா?"

நாற்காலி விழுந்த சத்தத்திலேயே அவர்கள் தப்பாகப் புரிந்துகொண்டது இவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் உட்கார்ந்தார். பொய்யைக் கேட்க ஒரு காது, வாயை மூடிக்கொண்டிருப்பதைக் கேட்க ஒரு காது என்று கடவுள் இரண்டு காதும் வைத்திருக்கிறார் என்பது அவர் அறியாததல்ல. ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால், "உங்க பாலத்துக்கு என்ன கலர் அடிச்சீங்க?" என்று நாலு பேர் கேட்பார்கள். வேறு யார் அவரை அப்படிக் கேட்டிருக்கிறார்கள்?

"போன் பண்ணிச் சொல்லிடுங்க," என்றாள் மனைவி.

சொல்லத்தான் போனை எடுத்தார்.

"சார், நம்மகிட்ட இருக்கிறது ரொம்பச் சின்ன இடம்தான் சார். நீங்க நினைக்கிற மாதிரி இல்ல."

பல் டாக்டர் சிரித்தார். "இப்படிச் சொல்லுவீங்கன்னு தலைவர் அப்பவே சொன்னாரு. ஐந்நூறுன்னு அடக்கிச் சொல்றவரு கண்டிப்பா ஆயிரம் வச்சிருப்பாருன்னு. எதுக்கும் அளக்க நான் டேப் எடுத்துட்டு வர்றேன்."

போன் வைக்கப்பட்டது. ஐந்நூறு ஆயிரமாகியிருந்தது.

மறுநாள் கடையில் நின்றபோது அவருக்கு வழி தெரிந்தது. சுவரில் சாய்ந்து நாலு ஆளுயரக் கண்ணாடிகள் நின்றன. ஒரு சலூனுக்காகச் சட்டம் போட்டு வைத்தவை. திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். அவற்றைக் கதவைச் சுற்றி நிறுத்தினார். அவ்வளவுதான். ஒரு ஸ்டேஷனுக்குப் பின்னால் இன்னொரு ஸ்டேஷன், அதற்குப் பின்னால் இன்னொன்று. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பாலங்கள். ஆயிரம் அடி என்ன, அடுத்த மாவட்டம் வரை போனது ரயில்.

"எப்படி?" என்றார் மனைவியிடம்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒவ்வொரு ஸ்டேஷன் பக்கத்துலயும் ஒரு கட்டில் கிடக்கு. அதுல நம்ம தலையணை."

கட்டிலை வெளியே எடுத்தார்கள். அது படிக்கட்டின் அடியில் சிக்கிக்கொண்டது. மாடி வீட்டு அக்கா வேலைக்கு இறங்கி வந்தவர், கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "நான் எப்படிப்பா போறது?" என்றார்.

"ஏறித் தாண்டிடுங்கக்கா."

"தாண்டுற வயசா எனக்கு? இப்படிக் குடு, மேல என் ஹாலுல போடலாம். வேலைக்கு அரை மணி நேரம் கழிச்சுப் போனா ஒண்ணும் ஆகாது."

அக்கா ஒரு முனையைப் பிடித்தார். கட்டில் மேலே போனது. கட்டில் போனதும் கண்ணாடிகளில் பீரோ தெரிந்தது. பீரோவும் அக்கா வீட்டுக்குப் போனது. பீரோ போனதும் அதன் பின்னால் இருந்த ஈரச் சுவர் தெரிந்தது. ஈரம் மைல் கணக்கில் நீண்டது. அதற்கு மேல் ஒரு நீலத் துணியைக் கட்டி வானமாக்கினார்கள். துணி, மனைவியின் நல்ல புடவை.

"ரயிலு வந்ததுலேருந்து பீரோவைப் பக்கவாட்டுல நின்னுதான் திறக்கிறேன்," என்றாள் அவள். "இப்ப பீரோவும் இல்ல, புடவையும் இல்ல."

"திங்கக்கிழமை எல்லாம் திரும்பி வந்துடும்."

"ஏங்க, எதிர்ப்பக்கம் ஊர்ப் பேரெல்லாம் திரும்பித் தெரியுதே?"

"அது வெளிநாடுன்னு சொல்லிக்கலாம்."

சனிக்கிழமை இரவு இருவரும் அக்கா வீட்டில், தங்கள் சொந்தக் கட்டிலில், விருந்தாளிகளாகப் படுத்தார்கள்.

ஞாயிறன்று கார் வந்து நின்றது. தலைவர், பொருளாளர், பல் டாக்டர் இறங்கினார்கள். பின்னால் தலைவரின் கைப்பையைத் தூக்கிக்கொண்டு அவருடைய டிரைவர். பல் டாக்டரின் சட்டைப்பையிலிருந்து டேப்பின் நுனி எட்டிப் பார்த்தது.

"கடை இவ்வளவு சின்னது. உள்ள ஆயிரம் அடியா?" என்றார் பல் டாக்டர்.

"வாங்க சார்," என்றார் பிரேம் கடைக்காரர்.

கண்ணாடிகளுக்கு நடுவே விட்டிருந்த இடைவெளி வழியாகத் தலைவர் முதலில் நுழைந்தார். நுழைந்ததும் நின்றுவிட்டார். எதிரே நாற்பது நீதிபதிகள் வரிசையாக நின்றார்கள். தலைவர் தயங்கிக் கைகூப்பினார். நாற்பது பேரும் மரியாதையாகத் திருப்பிக் கூப்பினார்கள்.

கண்ணாடியைப் பற்றிப் பிரேம் கடைக்காரர் யோசிக்காத நேரமில்லை. அதில் வருகிறவர்களும் தெரிவார்கள் என்று மட்டும் யோசிக்கவில்லை.

ஜவுளிக்கடைக்காரர் கிட்டப்பார்வைக்காரர். "எவ்வளவு ஆழமா போகுது பாருங்க," என்று பாலத்தைப் பின்தொடர்ந்து நடந்தார். எதிரில் ஒருவர் வந்தார். இவர் இடது பக்கம் ஒதுங்க, அவரும் அதே பக்கம் ஒதுங்கினார். இவர் அடுத்த பக்கம் ஒதுங்கினார், அவரும் ஒதுங்கினார். "மன்னிக்கணும் சார், நீங்க முதல்ல போங்க," என்று சொல்லிக்கொண்டே ஜவுளிக்கடைக்காரர் மூக்கை நேராக மோதினார்.

கண்ணாடி ஆடியது. அது அடுத்ததைத் தொட்டது, அடுத்தது அதற்கடுத்ததை. பிரேம் கடைக்காரர் ஒன்றைத் தோளில் தாங்கினார். பல் டாக்டர் இன்னொன்றை இரு கையாலும் பிடித்தார். டிரைவர் பையைப் போட்டுவிட்டு மூன்றாவதைப் பிடித்தார். நாலாவது, நல்லவேளை, புடவையில் சரிந்து நின்றது. வானம் கிழிந்து ஈரச் சுவர் வந்தது.

எதுவும் உடையவில்லை. ஆனால் ஆயிரம் அடி போய்விட்டது. காலி அறையின் நடுவே நாலு ஸ்டூல்களின் மேல் ஒரு குளியலறைக் கதவு கிடந்தது.

பிரேம் கடைக்காரர் கண்ணாடியைச் சுவரில் சாய்த்துவிட்டு நேராக நின்றார். "சார், இதுதான் என் இடம். கதவு, ஆறடி. ஐந்நூறுன்னு நான் சொன்னது, அதோ அந்த பிளாட்பாரத்துல நிக்கிறாங்களே, அவங்க கணக்குல. நீங்க வேற மாதிரி எடுத்துக்கிட்டது எனக்குத் தெரியும். நாற்காலி போட்டீங்க, பேசாம உக்காந்துட்டேன். அதுதான் தப்பு. அளக்கணும்னா அளந்துக்கோங்க சார்."

பல் டாக்டர் டேப்பை எடுத்தார். கதவைப் பார்த்தார். டேப்பை மறுபடியும் உள்ளே போட்டுக்கொண்டார்.

பிறகு யாரும் எதிர்பாராதபடி மனைவி சுவரோரம் போய் சுவிட்சைப் போட்டாள். "இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. ஓடுறதையாவது பாத்துட்டுப் போங்க."

ரயில் கிளம்பியது. குகைக்குள் போய் வெளியே வந்தது. பாலத்தில் சத்தம் மாறியது. சிவப்பு வெள்ளைத் தாழ்ப்பாளைக் கடந்து, ஸ்டேஷனில் நின்றவர்களை ஏமாற்றிவிட்டு, மறுபடியும் குகைக்குள் போனது.

தலைவர் வேட்டியை மடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். முகவாயைக் கதவின் விளிம்பில் வைத்தார். ஒரு சுற்று முடிந்தது, இன்னொரு சுற்று முடிந்தது. அவர் அசையவில்லை.

"ஸ்டேஷன்ல நிக்காதா?" என்றார், மிகவும் மெல்ல.

"நிக்கும் சார். இந்தக் குமிழைத் திருப்பணும்."

"நான் திருப்பட்டுமா?"

"திருப்புங்க சார்."

"இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

எண்ணூறு அடி வைத்திருக்கிறவர் இப்படிக் கேட்கிறாரே என்று பிரேம் கடைக்காரர் நெகிழ்ந்துபோனார். தன்னைச் சங்கடப்படுத்தக் கூடாதென்று ஒன்றும் தெரியாதவர்போல நடந்துகொள்கிறார், எவ்வளவு பெரிய மனிதர். ரயில் ஸ்டேஷனைத் தாண்டிப் போய் நின்றது. தலைவர் குழந்தைபோலச் சிரித்தார்.

"தள்ளிப் போயிடுச்சு. இன்னொரு தடவை."

"நீங்க ஒரு தடவை பண்ணிட்டீங்க," என்றார் ஜவுளிக்கடைக்காரர், மூக்கைத் தடவிக்கொண்டே. "அடுத்தது நான்."

"வரிசைப்படி பாத்தா நான்தான் செயலாளர்," என்றார் பல் டாக்டர். தன் முறை வந்ததும் ரயிலைச் சரியாக பிளாட்பாரத்தில் நிறுத்தினார். நிறுத்திவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார். "குகை வாசல்ல பாசி மாதிரி பச்சையா இருக்கே, அது எப்படிங்க பண்ணீங்க?"

"டீத்தூள் சார். காய வச்சு, பச்சை அடிச்சு ஒட்டினேன்."

"டீத்தூளா?" என்று மூவரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

மாடி வீட்டு அக்கா சத்தம் கேட்டு இறங்கி வந்து, எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தார். உட்கார ஒன்றும் இல்லாத அறையில் ஒரு நீதிபதி, ஒரு டாக்டர், ஒரு முதலாளி தரையில் சம்மணம் போட்டுக் குடித்தார்கள். மதியம் வரை எழுந்திருக்கவில்லை.

புறப்படும்போது தலைவர் வாசலில் நின்று தொண்டையைச் செருமினார். தீர்ப்புச் சொல்லும் குரல் வந்தது. "அடுத்த கூட்டத்திலேருந்து என் நாற்காலியில இவரு உக்காருவாரு. இடத்தைக் கேட்டு வரிசை போடுற வழக்கம் இத்தோட ரத்து."

"ரத்து," என்றார் பொருளாளர்.

"முழு மனசோட," என்றார் பல் டாக்டர்.

அவர்கள் காரை நோக்கி நடந்தார்கள். பிரேம் கடைக்காரர் கைகூப்பியபடியே நின்றார். அன்று காலை பயந்து பயந்து வேண்டிக்கொண்டதை நினைத்து அவருக்கே வெட்கமாக இருந்தது. இவர் கேட்டது மாட்டிக்கொள்ளாமல் இருக்க. கடவுள் கொடுத்தது மாட்டிக்கொண்ட பிறகும் மரியாதை.

"பாத்தியா?" என்றார் மனைவியிடம். "மாடி முழுக்க ரயில் ஓட்டுறவரு. நம்ம கதவு முன்னாடி எப்படி உக்காந்திருந்தாரு பாரு. ஒரு வார்த்தை பெருமை பேசலை."

"பெரிய மனசு," என்றாள் அவள், கிழிந்த புடவையை மடித்தபடி. "நம்மளும் ஒரு நாள் போய் அவங்க ரயிலைப் பாத்துட்டு வரணும்."

தலைவரின் பையை எடுக்கத் திரும்பி வந்த டிரைவர் அதைக் கேட்டுவிட்டார். வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தார். கார் தள்ளித்தான் நின்றது. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"அண்ணே, மூணு பேரு வீட்டுக்கும் வருஷக்கணக்கா நான்தான் போய் வந்துட்டிருக்கேன், ரயிலு இருக்கிற வீட்டை இன்னைக்குத்தான் பாக்குறேன்."