கிட்டுசாமி பேரல் மாற்றினார்

கல்யாணமான நாளிலிருந்து எந்த வீட்டு வேலைக்கும் கிட்டுசாமியிடம் ஒரே பதில்தான். "எனக்குக் கைவேலை வராது புள்ள." டெக்சஸுக்கு வந்து கேட்டி என்ற ஊரில் வீடு வாங்கிக் குடியேறிய பிறகும் அதே பாட்டுதான். அடுப்படிக் குழாய் வருஷக்கணக்கில் ஒழுகிக்கொண்டிருந்தது. மனைவி தனபாக்கியம் வாங்கிவைத்த புதுக் குழாய் பெட்டியைப் பிரிக்காமலே சிங்குக்கு அடியில் கிடந்தது.

அப்பேர்ப்பட்ட மனுஷன் துப்பாக்கி விற்கும் கன் ஷோவுக்குப் போய், உலகப்போர் காலத்து ராணுவ ரைஃபிள் ஒன்றை வாங்கிக்கொண்டு புது மாப்பிள்ளை மாதிரி வந்து இறங்கினார். குண்டு பாயும் குழலான பேரல் உள்ளே துரு அரித்துக் கெட்டுப்போயிருந்தது.

"புது பேரல் ஆர்டர் பண்ணிட்டேன். நானே மாட்டி ஹால் சுவர்ல தொங்க விடறேன்."

ஹால் சுவரா! ஊரிலிருந்து மடியில் வைத்துக்கொண்டே பிளேனில் கொண்டுவந்த தஞ்சாவூர் கிருஷ்ணர் படத்துக்கென்று தனபாக்கியம் பார்த்துவைத்த சுவராயிற்றே அது!

"ஏனுங்க, கைவேலை வராதுன்னீங்க?"

"இது கைவேலை இல்ல. இன்ஜினியரிங்."

"சரிங்க. விஜயதசமிக்குள்ள உங்க கையாலயே மாட்டிட்டா சுவரு உங்களுக்கு. இல்லாட்டி கிருஷ்ணருக்கு. அப்புறம் பேச்சு மாறக்கூடாதுங்க."

"நான் என்னிக்குப் பேச்சு மாறியிருக்கேன்?"

தனபாக்கியத்துக்கு நிறைய ஞாபகம் வந்தது.

பேரல் மரை போட்டுத் திருகி மாட்டினதுதான். யூடியூபில் ஒருத்தர் சிரித்துக்கொண்டே கழற்றினார். கிட்டுசாமியும் கராஜ் மேஜையில் வைஸ் என்கிற இரும்புப் பிடிப்பானைப் பொருத்தி, பேரலைக் கவ்வவிட்டு, நீளமான ஸ்பேனரைப் போட்டுத் தொங்கினார். மேஜை நகர்ந்தது. மேஜையோடு கிட்டுசாமியும் நகர்ந்தார். பேரல் நகரவில்லை. எண்ணெய் விட்டார். ஊதினார். கெஞ்சினார். அது எந்த ராணுவத்தில் இருந்ததோ, சரணடையவே மாட்டேன் என்றது.

இந்த லட்சணத்தில் ஆயுத பூஜை வந்துவிட்டது. தனபாக்கியம் கராஜையே துடைத்து, கார், புல் வெட்டும் மெஷின், ட்ரில் என்று ஒன்று விடாமல் சந்தனம் குங்குமம் வைத்தாள். வைஸின் வாயை இறுக்கி மூடி, அதன் மேல் ஒரு பொட்டு. ஸ்பேனரின் கைப்பிடியில் ஒரு பொட்டு. பொரிகடலை படைத்துச் சூடம் காட்டினாள்.

மறுநாள் விஜயதசமி. தனபாக்கியம் பக்கத்து வீட்டு ஷ்யாமளாவோடு கோயிலுக்குக் கிளம்பியதுதான் தாமதம், கிட்டுசாமி ரைஃபிளையும் புது பேரலையும் காரில் போட்டுக்கொண்டு துப்பாக்கி ரிப்பேர்க் கடைக்குப் பறந்தார். முன்கூட்டியே ஃபோனில் சொல்லிவைத்திருந்தார். கடைக்காரர் பழைய பேரலைக் கழற்றினார், புதுசை மாட்டினார், தோட்டா சரியாக உட்காருமா என்று அளந்து பார்த்துக் கையில் கொடுத்தார். அத்தனை நாள் பாடுபட்ட வேலை இவ்வளவுதானா என்று கிட்டுசாமிக்குக் கோபம்கூட வந்தது.

தனபாக்கியம் வந்தபோது ஹால் நடுவில் ரைஃபிளோடு நின்றார்.

"முடிஞ்சுது புள்ள! என்ற கையாலயே மாட்டிட்டேன்!"

"அட, எப்படிங்க?"

"வைஸ்ல புடிச்சேன். ஸ்பேனரப் போட்டேன். ஒரே திருகு."

தனபாக்கியம் கராஜுக்குப் போய்ப் பொரித் தட்டை எடுத்துக்கொண்டு நிதானமாக வந்தாள். முகத்தில் ஒரே பெருமை.

"கெட்டிக்காரருங்க நீங்க."

கிட்டுசாமிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"அப்படியே அந்தச் சிங்க் குழாயையும் மாட்டிருங்க."

"குழாயா?"

"அதுவும் மரைதான், இதுவும் மரைதானுங்களே. உலகப்போர் மரையே ஒரே திருகுல வந்துருச்சு."

"ஒரு ப்ளம்பரைக் கூப்பிட்டா..."

"கைவேலை வராதவங்கதானுங்க ப்ளம்பரைக் கூப்பிடணும்."

உண்மையைச் சொன்னால் சுவர் போய்விடும். சொல்லாவிட்டால் சிங்குக்கு அடியில் போகவேண்டும். கிட்டுசாமி சுவரை நினைத்துக்கொண்டு அடியில் போனார்.

மூக்கில் தண்ணீர் ஏறியது. கழுத்து பிடித்துக்கொண்டது. திருகியதையே திரும்பத் திரும்பத் திருகினார். சாயங்காலம் ஆனபோது, என்ன அதிசயம், குழாய் ஒழுகவில்லை! தெப்பலாக நனைந்து, மெய்யாகவே பெருமை பொங்க, ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்தார்.

சுவரில் கிருஷ்ணர் வெண்ணெயோடு சிரித்துக்கொண்டிருந்தார். ஆணியையும் தனபாக்கியமே அடித்திருந்தாள். துளிக் கோணல் இல்லை.

"என்ன புள்ள இது? பந்தயத்துல நான்தான ஜெயிச்சேன்!"

"வைஸு வாயில வெச்ச சந்தனம் ஒரு விரிசல்கூட விடலீங்க. ஸ்பேனர்ல வெச்ச குங்குமமும் வெச்சபடி இருக்குது. எந்த வைஸுங்க புடிச்சீங்க?"

கிட்டுசாமி ரைஃபிளைச் சோபாவில் சாய்த்து வைத்தார்.

"தெரிஞ்சுக்கிட்டேயா என்னைச் சிங்குக்கு அடியில அனுப்புனே?"

"படம் பந்தயத்துக்குங்க. குழாய் பொய்க்கு."

துண்டை எடுத்து அவர் தலையில் போட்டாள்.

"நல்லாத் தொவட்டிக்குங்க. ஷ்யாமளா வீட்டுல மூணு குழாய் ஒழுகுதாம். உங்களுக்குக் கைவேலை வந்துருச்சுன்னு சொல்லிட்டேன்."