நிற்பவரை உட்காரச் சொல்லுதல்

மனித குலத்தின் நாகரிகம் எங்கே பிறந்தது என்று ஊர் ஊராகக் குழி தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். பாவம், வீண் வேலை. அது எங்கள் அலுவலகத்தின் மூன்றாம் மாடிக் கூட்ட அறையில், போன செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பிறந்தது. 'நன்னடத்தை மேம்பாட்டுக் குழு'வின் செயலாளர் என்ற முறையில் நான்தான் கூடவே இருந்து குறிப்பு எழுதினேன்.

நாங்கள் ஆறு பேர்; நாற்காலிகள் பத்து. முதல் பத்து நிமிடம் யாரும் உள்ளேயே போகவில்லை. "நீங்க முதல்ல", "சேச்சே, நீங்க முதல்ல" என்று வாசலிலேயே நின்றோம். கடைசியில் மேலாளர் பின்னாலிருந்து நெருக்கியதில் மொத்தமாக உள்ளே போய் விழுந்தோம்.

ஒன்றரை மணிக்குக் கதவு மெல்லத் திறந்தது. எங்கள் மாடியைப் பெருக்கித் துடைக்கும் அக்கா, கையில் அனுமதிச் சீட்டுடன் நின்றார்.

"சார், ஒரு கையெழுத்து வேணும். மூணு மணிக்கு ஸ்கூல்ல என் பொண்ணு முதல் தடவையா மேடையில பேசறா. நான் வந்தாத்தான் வாயைத் திறப்பேன்னு அடம் பிடிக்கிறா."

"ரொம்ப சந்தோஷம்மா. இந்த ஒரு தீர்மானம் முடியட்டும்" என்றார் மேலாளர். அவர் சொன்ன இனிமையில் எனக்கே கண் கலங்கிவிட்டது.

அது மூன்றாம் தீர்மானம்: பணியாளர் பேச வந்தால் முகம் கொடுத்துக் கேட்பது. எத்தனை விநாடி கொடுப்பது என்பதில் இழுபறி.

"அஞ்சு போதும்" என்றார் விற்பனை அதிகாரி. "அதுக்கு மேல பாத்தா முறைக்கிற மாதிரி இருக்கும்."

"நடுவுல கண் சிமிட்டலாமா?" என்று கேட்டார் சட்ட ஆலோசகர். அதை ஆராயத் துணைக்குழு அமைத்தோம்.

அக்கா கால் மாற்றி நின்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. "அவங்களை உட்காரச் சொல்லலாமே" என்று கிசுகிசுத்தேன்.

சட்ட ஆலோசகர் பதறிப்போனார். "அது ஒன்பதாம் தீர்மானம். நாம இன்னும் நாலுக்கே வரலை. வரிசை தாண்டறது நாகரிகமா?"

அதையும் குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

"சார், மணி ரெண்டே கால் ஆச்சு" என்றார் அக்கா.

"குறுக்க பேசறது ஆறாம் தீர்மானம்மா" என்றார் மேலாளர். சிரித்த முகம் அப்போதும் மாறவில்லை. பெரிய மனிதர் என்றால் அவர்தான்.

மூன்று மணிக்கு ஒன்பதாம் தீர்மானம் ஒருமனதாக, மேசை தட்டலோடு நிறைவேறியது. 'நிற்பவரைக் கண்ட மாத்திரத்தில் உட்காரச் சொல்ல வேண்டும்.' அடுத்த மாதம் முதல் தேதி அமலுக்கு வருகிறது. அதனால் அக்கா நின்றுகொண்டே இருந்தார்.

மூன்றே காலுக்குச் சீட்டில் கையெழுத்து விழுந்தது. "பொண்ணுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்க" என்றார் மேலாளர். அதற்குள் அக்காவின் போன் அடித்தது. பேசி முடித்துவிட்டு, சீட்டை நான்காக மடித்தார்.

"மேடையேறி வாசலையே பாத்துட்டு இறங்கிட்டாளாம் சார்."

நான் எழுந்தேன். என் காலடியில் யாரோ காபி கொட்டியிருந்தார்கள். "பாத்து சார், வழுக்கும்" என்று அக்கா குனிந்து துடைத்தார்.

இவ்வளவும் குறிப்பேட்டில் இருக்கிறது. ஒன்றை மட்டும் எழுதவில்லை. அந்தச் சீட்டில் மேலாளர் கையெழுத்துத்தான் வேண்டும் என்றில்லை, உதவி மேலாளர் போட்டாலும் செல்லும். உதவி மேலாளர் நான்தான். ஒன்றரை மணியிலிருந்து பேனாவும் என் கையில்தான் இருந்தது. மேலாளர் இருக்கும்போது நான் முந்திக்கொண்டால் நாகரிகமாக இருக்குமா, நீங்களே சொல்லுங்கள்.