மரியாதை தெரிந்த பேய்

போர்டு வாயே திறக்கவில்லை.

அந்த வீட்டில் வாய் திறக்காத இரண்டாவது ஆள் அது. முதல் ஆள், கண்ணாடிக் கடைக்காரரின் மனைவி. பள்ளியில் கணக்கு டீச்சர். போன வாரம் தண்ணீர் வராத நேரத்தில் கடைக்காரர் குளியலறைக் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு, மூட மறந்து கடைக்குப் போய்விட்டார். அப்புறம் தண்ணீர் வந்தது. தாராளமாகவே வந்தது. பக்கத்து அறைத் தரையில் வைத்திருந்த பரீட்சைத் தாள் கட்டு முழுக்க ஊறிப்போயிற்று. டீச்சர் ஒவ்வொரு தாளாக இஸ்திரி போட்டுக் காயவைத்தாள். அன்றோடு பேச்சு நின்றது.

சொல்ல வேண்டியதை ஃபிரிட்ஜிடம் சொல்லுவாள்.

"சாப்பாடு ஆறிட்டிருக்கு. வேணுங்கறவங்க வரலாம்."

அதற்காகத்தான் இந்த போர்டை வாங்கினார். தரையில் ஈரம் பட்டதும் ஃபோனுக்குச் செய்தி அனுப்புகிற கருவி ஒன்றைத் தன் கையாலேயே செய்து அவள் முன்னால் வைப்பதாகத் திட்டம். அதைப் பார்த்தாவது மனசு இளகமாட்டாளா? ஃபிரிட்ஜ் மாதிரியாவது நம்மை மதிக்கமாட்டாளா?

தீப்பெட்டி அளவு எலெக்ட்ரானிக் பலகை. கணினியில் சொருகினால் அதில் சிவப்பு விளக்கு எரிந்தது. கணினியோ அப்படி ஒரு பொருளே வரவில்லை என்று சாதித்தது. விற்ற கடைக்கு ஃபோன் போட்டார்.

"கேபிளை மாத்துங்க சார். அது சார்ஜ் மட்டும் ஏத்தற கேபிள்."

வேறு கேபிள் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதன் மறுமுனையில் டீச்சரின் ஃபோன் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. சத்தமில்லாமல் உருவினார். போர்டு உடனே கணினியோடு பேச ஆரம்பித்தது. கூடவே வந்த கையேட்டின் முதல் பாடத்தை ஏற்றியதும் நீல விளக்கு கண் சிமிட்டியது.

"எரியுது! எரியுது!"

டீச்சர் எட்டிப் பார்த்தாள். செத்துக் கிடந்த தன் ஃபோனையும் பார்த்தாள்.

"எனக்கும்தான் எரியுது" என்றாள், ஃபிரிட்ஜிடம்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இரண்டாவது பாடம், அக்கம்பக்கத்தில் என்னென்ன வைஃபை இருக்கிறது என்று போர்டைத் தேடச் சொல்வது. பெயர்கள் திரையில் வரிசையாக விழுந்தன. தெருமுனை மருந்துக் கடை. எதிர்வீடு. இவர்கள் வீடு. எல்லாவற்றுக்கும் மேலே, மிகப் பலமான சிக்னலோடு, ஆங்கில எழுத்தில் தமிழாக ஒரு பெயர்:

"ஏன் பேசமாட்டேங்கறீங்க"

அவர் இரண்டு தடவை படித்தார். மனைவியோ என்று ஒரு நிமிஷம் ஆசையாகக்கூட இருந்தது. ஆனால் அவள் ஃபோன் கண்ணெதிரே அணைந்து கிடக்கிறது. அவளோ சமையலறையில் பாத்திரங்களோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். இவ்வளவு பலமான சிக்னல் தெருவிலிருந்து வராது. மாடி வீட்டுக்குக் குடிவந்த புதுத் தம்பதியும் ஊரில் இல்லை போலிருந்தது. கொஞ்ச நாளாக மேலே ஒரு பேச்சுக்குரல் கிடையாது.

மூன்றாவது பாடத்தில் போர்டே ஒரு வைஃபை ஆகும். நாம் வைக்கிற பெயர் எல்லார் ஃபோனிலும் தெரியும். தட்டினார்: "யார் நீ".

கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி தேடினார். மேலே இருந்த பெயர் மாறியிருந்தது.

"அதுவும் மறந்தாச்சா"

பேசாமல் எல்லாவற்றையும் மூடி வைத்திருக்கலாம். கை கேட்கவில்லை. "எங்க இருக்க" என்று போட்டார்.

"பக்கத்து ரூம்லதான்"

பக்கத்தில் இருந்தது குளியலறை. கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே இருட்டு. மூடியிருந்த குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. உள்ளே போய் விளக்கைப் போட்டுப் பார்க்கிற தைரியம் அவருக்கு இல்லை. எட்டிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, அதற்கு முட்டுக்கொடுத்து நாற்காலியை வைத்தார். அப்புறம்தான் உட்கார வேறு நாற்காலி இல்லை என்பது தெரிந்தது. நின்றுகொண்டே தட்டினார்: "என்ன வேணும்".

"நீங்கதான்"

பேய்க்கு என்ன மரியாதை பாருங்கள்! 'நீங்க' போட்டு உயிரைக் கேட்கிறது. பயத்தில் வந்த கோபத்தோடு "போயிடு" என்று அடித்து ஏற்றினார்.

இந்த முறை பதில் வர வெகுநேரம் ஆனது.

"சரி. போறேன்"

அடுத்த தேடலில் அந்தப் பெயரே இல்லை. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் தலைக்கு மேலே ஏதோ சத்தம். கனமான எதையோ யாரோ கூரை மேல் இழுத்துக்கொண்டு போகிறார்கள். இழுக்கிறார்கள், நிற்கிறார்கள், மறுபடி இழுக்கிறார்கள்.

சமையலறைக்குள் பாய்ந்தார். டீச்சர் கரண்டியை நழுவவிட்டாள்.

"ஏங்க! என்னாச்சு? ஏன் இப்படி வெளுத்துப்போயிருக்கீங்க?"

"குளியலறையில பேய்... நான் போகச் சொன்னேன்... அது மேல ஏறிடுச்சு!"

திரையில் கிடந்ததையெல்லாம் அவளுக்குக் காட்டினார். படிக்கப் படிக்க டீச்சரின் கை தானாக வந்து அவர் கையைப் பற்றிக்கொண்டது.

"நீ எங்கிட்ட பேசிட்ட" என்றார், அந்த நடுக்கத்திலும்.

"பேயே வந்தாச்சு. இனிமே ஃபிரிட்ஜ்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது?"

அவருக்கு அழுகை வந்துவிட்டது. பேய் இன்னும் கொஞ்சம் இருந்துவிட்டுப் போனால்கூடப் பரவாயில்லை என்று தோன்றிய நேரத்தில், மாடிப்படியில் தட்... தட்... என்று அது இறங்க ஆரம்பித்தது. படிப்படியாக வந்தது. வாசலில் நின்றது. கதவைத் தட்டியது.

"திறக்காதீங்க!"

"திறக்கலன்னா உடைச்சுட்டு வரும்" என்று சொல்லிக்கொண்டே, கண்ணை மூடித் தாழ்ப்பாளை விலக்கினார்.

மாடி வீட்டுப் பெண் நின்றிருந்தாள். பக்கத்தில் பெரிய பெட்டி. அழுது அழுது கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"எங்க அம்மா வீட்டுக்குக் கிளம்பிட்டேன் அக்கா, சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். எங்க வீட்டுக்காரர் பக்கத்து ரூம்ல ஃபோனும் கையுமா உக்காந்துட்டு எங்கிட்ட பேசவே மாட்டேங்கறாரேன்னு, வைஃபை பேரை மாத்தி மாத்தி அதுலயே கெஞ்சிட்டிருந்தேன். இன்னிக்குத்தான் அவரும் அதுலயே பதில் போட ஆரம்பிச்சாரு, கடைசியில என்னைப் 'போயிடு'ன்னுட்டாரு!"