சீரமும் சீரகமும்

"படிச்ச பொண்ணுன்னு சொல்ற. ஐஸ் பெட்டி இல்லாத வீட்டுல இதை எப்படிம்மா பத்திரமா வச்சுக்குவ?"

மதுரையில் ஒரு கண் மருத்துவமனையில் நர்ஸ் ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார். எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து, பெருமாள்மலைப் பக்கம் காப்பித் தோட்டத்தில் பேர் பதிந்த குடும்பம் எங்களுடையது. எனக்கு முன்னால் எல்லாரும் கைநாட்டு. நான் பிளஸ் டூ முடித்தவள், பால்வாடி டீச்சர். அதனால் அந்தக் கேள்வி எனக்கு அவமானமாகப் பட்டது.

"எனக்குத் தெரியும் சிஸ்டர்" என்றேன். (தெரியாது.)

அம்மாவின் கண்ணில் நீர் வற்றியிருந்தது. மூட்டு வாதத்தோடு சேர்ந்து வந்த நோய் என்றார் டாக்டர். "கண்ணுக்குள்ள மணல் கெடக்கு புள்ள" என்பாள் அம்மா. காற்றடித்தால் முந்தானையை நனைத்து முகத்தில் போட்டுக்கொள்வாள். என் மாமா இறந்தபோது அவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. கூடப் பிறந்தவனுக்கே அழாதவள் என்று சொந்தத்தில் பேசினார்கள். அதற்கும் அவளால் அழ முடியவில்லை.

கருவிழியில் புண் விழுந்துவிட்டது. ஆறாவிட்டால் வெள்ளை படர்ந்து பார்வை போய்விடும். கடையில் கிடைத்த சொட்டு மருந்து எதுவும் கேட்கவில்லை. வெளிநாட்டில் புதிதாகச் செய்கிறார்கள், செய்து பார்க்கலாம் என்று டாக்டர் ஒரு வழி சொன்னார். அம்மாவின் கையிலிருந்தே ரத்தம் எடுத்தார்கள். அதை உறையவிட்டு, இயந்திரத்தில் சுழற்றி, மேலே தெளிந்து நின்றதை மட்டும் எடுத்து, உப்புநீர் கலந்து ஆறு சின்னக் குப்பிகளில் அடைத்தார்கள். இளமஞ்சளாக இருந்தது. அதன் பெயர் சீரம். குளிரிலேயே இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு எட்டு முறை கண்ணில் விட வேண்டும்.

குப்பிகளின் மேல் ஒட்டிய தாளில் என்ன எழுத என்று கேட்டார்கள். நானே எழுதுகிறேன் என்று பேனாவை வாங்கி, எல்லாவற்றிலும் இங்கிலீஷில் 'சீரம்' என்று எழுதினேன். தமிழில் எழுதியிருந்தால் பெருமாள்மலையில் பாதிப் பேர் படித்திருப்பார்கள். இங்கிலீஷ் என்றால் என்னைத் தவிர ஒருவரும் படிக்க முடியாது. அதுதான் அந்த வயதில் எனக்குப் பிடித்திருந்தது.

பிளாஸ்க்கில் ஐஸ் போட்டுக் கொண்டுவந்து, ஒரு குப்பியை வீட்டில் ஈரத் துணி சுற்றிய பானைக்குள் வைத்தேன். மற்ற ஐந்தும் சின்னச்சாமி அண்ணன் கடைக்குப் போயின. கொடைக்கானல் சாலையும் பழனிச் சாலையும் பிரிகிற இடத்தில் டீக்கடை வைத்திருந்தார். ஐஸ் பெட்டி அங்கேதான் இருந்தது. தங்கமான மனுஷர். அப்போது தைப்பூசத்துக்கு மாலை போட்டு, ஒரு வேளைச் சாப்பாட்டோடு விரதத்தில் இருந்தார்.

ஒன்பது நாள் எல்லாம் சரியாக நடந்தது. அம்மா துணியை எடுத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். பத்தாம் நாள் காலையில் பழைய குப்பி தீர்ந்து, கடையிலிருந்து புதியதை வாங்கி வந்து கண்ணில் விட்டேன்.

அம்மா துடித்துப் போனாள். "எரியுது புள்ள."

"மருந்துன்னா எரியத்தாம்மா செய்யும்."

"இத்தனை நாளா எரியலியே. சீரக வாடை வேற வருது."

"சீரகம் இல்லம்மா. சீரம். எங்க, சொல்லு பாப்போம்."

"சீரம்" என்றாள் அம்மா, கண்ணை மூடிக்கொண்டு. நான் பால்வாடிப் பிள்ளையைப் பாராட்டுவதுபோல் தலையாட்டிவிட்டு, இரண்டாம் முறையும் விட்டேன். மூன்றாம் முறையும் விட்டேன்.

மூன்றாம் முறை சொட்டு விழுந்ததும் அவள் என் கையைப் பிடித்துத் தள்ளிவிட்டாள். என்னை அடித்தே வளர்க்காதவள் அவள். அப்போதுதான் குப்பியை மோந்து பார்த்தேன். பிறகு கடைக்கு ஓடினேன்.

"அண்ணே, குப்பியத் தொட்டீங்களா?"

"ஆமா டீச்சரம்மா. விரதத்துல வயிறு ஒரே உப்புசம். ஒங்கம்மாகிட்ட முன்னமே கேட்டேன், குப்பியில என்னான்னு. சீரகம்னுச்சு. ஐஸா கெடந்துச்சு, வெந்நீல போட்டு உருக்கி அஞ்சையும் குடிச்சிட்டேன். ஒங்க பொருள எடுத்தா சும்மா விடுவனா? புதுசாக் காச்சி, வடிகட்டி, அஞ்சுலயும் ஊத்தி வச்சிட்டேன்."

அவர் முகத்தில் அவ்வளவு நல்ல மனசு. அந்த முகத்தைப் பார்த்துத்தான் நான் சொல்ல வேண்டியிருந்தது. உறைவது, சுழற்றுவது என்று பாடம் நடத்தினேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பின்னாலேயே முந்தானையால் கண்ணைப் பொத்திக்கொண்டு வந்த அம்மாதான் சொன்னாள்.

"ரசம் வச்சா மேல தெளிவு நிக்கும்ல தம்பி, அது மாதிரி. என் ரத்தத்தோட தெளிவு."

சின்னச்சாமி அண்ணன் மாலையைக் கையால் பிடித்துக்கொண்டார். "முட்டை போட்ட கேக்குகூட நான் தொடலக்கா." பிறகு மெதுவாகக் கேட்டார்: "ரத்தத் தெளிவுன்னா... சைவமா, அசைவமா?"

"எங்கய்யா கதிர்காமத்துக்குக் காவடி எடுத்தவரு. அந்த ரத்தந்தான். சைவம்னே வச்சுக்கங்க."

அவர் மூன்று முறை குளித்துவிட்டுப் பழனிக்கு நடந்தார். நாங்கள் மதுரைக்கு பஸ் ஏறினோம்.

டாக்டர் கண்ணைக் கழுவினார். ஆறிக்கொண்டிருந்த புண் மறுபடி பெரிதாகியிருந்தது. நான் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். உடனே திரும்ப ரத்தம் எடுக்க அம்மாவின் உடம்பில் போதுமான ரத்தம் இல்லை, மூன்று வாரம் பொறுங்கள் என்றார். அந்த மூன்று வாரமும் அம்மா இருட்டு அறையில் ஈரத் துணியோடு படுத்திருந்தாள். ஒரு முறைகூட 'நான் அன்னைக்கே சொன்னேனே' என்று சொல்லவில்லை. நான் பால்வாடியில் 'ச' எழுத்து வரும் இடங்களை வேகமாகத் தாண்டினேன்.

பழனியிலிருந்து மொட்டைத் தலையோடு திரும்பிய சின்னச்சாமி அண்ணன், விரதம் முடிந்த மறுநாள் வெள்ளனே எங்கள் வாசலில் நின்றார். கையில் இலைப் பொட்டலம், உள்ளே ஆட்டு மண்ணீரல்.

"ஆட்டுச் சுவரொட்டி. ரத்தம் வெரசா ஊறும். குடிச்சதத் திருப்பித் தரணும்ல?"

அடுத்தடுத்த நாள்களில் பேரீச்சை வந்தது, முருங்கைக் கீரை வந்தது, மறுபடியும் சுவரொட்டி வந்தது. அம்மா தின்று சலித்துப் போனாள். இரண்டாம் முறை எடுத்த சீரம் கேட்டது. இடது கண்ணில் ஒரு தழும்பு நின்றுவிட்டது. அந்தப் பக்கம் எல்லாம் புகைமூட்டமாகத்தான் தெரியும். வலது கண் தப்பியது. அந்தத் தழும்பில் எவ்வளவு பழைய புண், எவ்வளவு நான் விட்டது என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார்.

சின்னச்சாமி அண்ணன் இன்றும் எங்கள் வீட்டுக் காரியங்களுக்கு முதல் ஆளாக வந்து உட்காருவார். நீங்கள் என்ன முறை வேண்டும் என்று யாராவது கேட்டால், "ரத்த சொந்தம்" என்பார். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன், சற்றுப் பிந்தி.

போன மாதம் காப்பிப் பழம் பறிக்கப் போளூரிலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். அவர் முந்தானையை நனைத்து முகத்தில் போடுவதைப் பார்த்துவிட்டு அம்மா என்னிடம் வந்து சொன்னாள். இதை நான் எழுதுவது மதுரையில், ஆஸ்பத்திரி பெஞ்சில். அந்த அக்கா பக்கத்தில் கையை மடக்கிப் பஞ்சை அழுத்திக்கொண்டிருக்கிறார். அவரிடமிருந்து எடுத்த ரத்தம் உள்ளே குழாயில் உறைந்துகொண்டிருக்கிறது.