வேக வித்தகரின் பாதிப் படம்

வாசகர்களே, இன்று உங்களுக்கு வேக வித்தகரை அறிமுகப்படுத்துகிறேன். அறிமுகமே வேண்டாம், பலமுறை பார்த்தாயிற்று என்பீர்கள். உண்மைதான். ஓர் இடத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, வாசலில் இருவர் நின்று வருகிறவர்களை வரவேற்கத் தொடங்கிவிட்டால், அங்கே அவர் இல்லாமல் இருக்கமாட்டார். கழுத்தில் கேமரா, கேமராவின் தலையில் ஃபிளாஷ், தோளில் ஒரு பை, அந்தப் பைக்குள் இன்னொரு பை, முகத்தில் அறுவை சிகிச்சைக்கு உள்ளே போகும் மருத்துவர் உறவினர்களைப் பார்க்கும் பார்வை. தொழில்முறைப் புகைப்படக்காரரா? இல்லை. தொழிலாகச் செய்பவர் வருவார், எடுப்பார், சாப்பிடுவார், போவார். நம் வித்தகர் காப்பீட்டு அலுவலகத்திலோ குழாய்கள் விற்கும் கடையிலோ வேலை பார்ப்பவர்; படமெடுப்பதை அன்புக்காகச் செய்பவர். அன்புக்காகச் செய்பவரிடம் யாரால் குறை சொல்ல முடியும்?

மற்றவர்களிடம் ஒரு படம் எடுக்கச் சொன்னால் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். இவர் கூரையைப் பார்ப்பார். பிறகு சுவரைப் பார்ப்பார். பிறகு உள்ளங்கையை நீட்டி, தூறல் விழுகிறதா என்று சோதிப்பவரைப் போல, அதன்மேல் விழும் ஒளியைச் சோதிப்பார். நீங்களோ இதற்குள் சிரிக்கத் தொடங்கியிருப்பீர்கள். திறந்த வாயை மூடுவதா, மூடினால் மறுபடி இதே அளவு திறக்குமா என்றெல்லாம் எண்ணி, கன்னம் வலியெடுக்கும் நேரத்தில், "ஒரு நிமிஷம், ஷட்டரை மாத்திக்கறேன்" என்பார். அந்த ஒரு நிமிஷத்தில் மடியிலிருக்கும் குழந்தை சிணுங்கும், பின்வரிசைக்காரர் கைக்குட்டையைத் தேடுவார், இதுவரை இமைக்காமல் காத்திருந்தவர் இனித் தாங்காது என்று இமைப்பார். சரியாக அப்போது ஃபிளாஷ் மின்னும். மின்னிய பிறகாவது உங்களைப் பார்ப்பாரா என்றால், அதுவும் இல்லை. கேமராவின் முதுகிலுள்ள சின்னத் திரையைக் குனிந்து பார்ப்பார். எந்த நிகழ்ச்சியிலும் மிக அழகான சிரிப்புகள் அவர் குனிந்திருக்கும்போதுதான் சிரிக்கப்படுகின்றன.

அவருடைய கொள்கை ஒன்றே ஒன்று: ஷட்டரின் வேகம் கூடினால் தெளிவு கூடும். வெயிலில் விளையாட்டுப் போட்டியைப் படமெடுக்கும்போது அது சரிதான். ஃபிளாஷை ஏற்றிவைத்துக்கொண்டு ஒரு கூடத்துக்குள் நிற்கும்போது பாதிதான் சரி. ஃபிளாஷின் மின்னல் இமைப்பொழுதைவிடச் சிறியது. ஓடுகிற குழந்தையை அசையாமல் பிடித்துக்கொடுப்பது அந்த மின்னலே. ஷட்டருக்கு அங்கே வேறு வேலை: கூடத்தில் ஏற்கெனவே இருக்கும் வெளிச்சத்தை எவ்வளவு நேரம் உள்ளே விடலாம் என்று பார்த்துக்கொள்வது. அதைச் சற்று நிதானமாக மூடவிட்டால், பின்னாலிருக்கும் விளக்குகளும் சுவரின் நிறமும் படத்துக்குள் வந்து அமர்ந்துகொள்ளும். மிகவும் நிதானமென்றால், ஆட்டிய கை ஒரு நிழலை இழுத்துக்கொண்டு போகும். விரட்டி மூடினாலோ, ஆள் மட்டும் பளிச்சென்று நிற்பார். அவருக்குப் பின்னால் உலகம் அணைந்துபோயிருக்கும். ஆகவே வித்தகரின் படங்களில் எல்லாரும் ஏதோ ஒரு கிணற்றுக்குள் இறங்கிக் கொண்டாடியவர்களைப் போலவே காணப்படுவார்கள். பின்னணி எங்கே என்று கேட்டுப் பாருங்கள். "ஆளு தெளிவா இருக்காரா இல்லையா?" என்பார். இருக்கிறார். மறுக்கமுடியுமா?

எனக்கு நெருக்கமாகத் தெரிந்த வித்தகர் ஒருவர் உண்டு. அவருடைய அண்ணன் மகளின் திருமண வரவேற்பு. பெண்ணுக்கு அவர் சித்தப்பா. எனவே வெளியாள் எவரையும் படமெடுக்க அழைக்கக்கூடாது என்று அவரே ஆணையிட்டு, அவரே அதற்குக் கீழ்ப்படிந்து, முதல் ஆளாக வந்து நின்றுவிட்டார். மணப்பெண் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. அவள் கேட்டது ஒன்றுதான். புதுவீட்டின் சுவரில் மாட்ட, அம்மாவும், அப்பாவுக்குத் தங்கையும் வித்தகருக்கு அக்காவுமான அத்தையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் ஒரு படம்.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறதல்லவா? அம்மாவும் அத்தையும் இரண்டு ஆண்டுகளாகப் பேசிக்கொள்ளவில்லை. பெண்ணின் தந்தைக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது, தகவல் சொல்ல அண்ணிதான் தொலைபேசியில் அழைத்திருக்கவேண்டும் என்று நாத்தனாரும், கேள்விப்பட்ட பிறகு நாத்தனார்தான் அழைத்திருக்கவேண்டும் என்று அண்ணியும் காத்திருந்தார்கள். அவர் குணமாகி வேலைக்கே போய்விட்டார். காத்திருப்பு மட்டும் குணமாகவில்லை. அன்று மாலை மணப்பெண் இருவரையும் தனித்தனியே கெஞ்சி, ஒரு படத்துக்கு மட்டும் என்று சம்மதிக்கவைத்து, கூடத்தின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினாள். அவளுடைய தோழிகள் பின்னால் குறுக்கும் நெடுக்குமாகச் சின்னஞ்சிறு விளக்குகளைக் கட்டியிருந்தார்கள். அவற்றுக்குக் கீழே இரண்டு பெண்கள், நடுவில் ஓர் ஆள் தாராளமாகப் புகுந்து போகுமளவு இடைவெளி.

வித்தகருக்கு இது முக்கியமான படம் என்பது புரிந்தது. அதுதான் வினையாயிற்று. சாதாரணப் படங்களை இருநூறில் ஒரு பங்கு விநாடியில் எடுத்துக்கொண்டிருந்தவர், முக்கியமான படத்துக்கு முக்கியமான வேகம் தரவேண்டாமா என்று ஐந்நூறுக்குத் திருப்பினார். கேமராவுக்குள் ஷட்டர் என்பது இரண்டு திரைகள். ஒன்று திறந்துகொண்டு ஓட, மற்றொன்று மூடிக்கொண்டு பின்னால் ஓடும். இருநூறு வரையில், இரண்டுக்கும் நடுவே முழுச் சாளரமும் ஒரு கணம் திறந்திருக்கும். ஃபிளாஷ் அந்தக் கணத்தில் மின்னிவிடும். அதைக் கடந்தால், பின்திரை முன்திரையின் குதிகாலை மிதித்துக்கொண்டே ஓடுவதால், மின்னும்போது பாதிச் சாளரம் மூடியிருக்கும். புதிய ஃபிளாஷாக இருந்தால் கேமராவே அந்த எல்லையில் தடுத்து நிறுத்தியிருக்கும். அவருடையதோ கேமராவோடு பேசத் தெரியாத பழைய ஃபிளாஷ்.

முழு உருவமும் வரவேண்டும் என்று கேமராவை நெட்டுக்குத்தாகப் பிடித்து, எடுத்தார். குனிந்து பார்த்தார். நிமிரவில்லை.

மணப்பெண் எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் அம்மா. அம்மாவுக்குப் பின்னால், வேண்டாவெறுப்பாக, அத்தை. படத்தில் அண்ணி அழகாகச் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கரும்பலகையைப் போல ஓர் இருட்டு. நாத்தனார் அதற்குள் இருந்தார்.

"என்னைக் கூப்பிட்டு நிக்கவெச்சது இதுக்குத்தானா?" என்றார் அவர், மெதுவாக.

நான் என்ன செய்தேன் என்பதுபோல் அண்ணி தம் உடையைச் சரிசெய்துகொண்டார். இந்த இடத்தில் 'தப்பு என் மேலதான் அக்கா' என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் சரியாகியிருக்கும். ஆனால் வித்தகர்களுக்கு அந்த வார்த்தை வாயில் வராது. இவர் முதலில் ஃபிளாஷின் பேட்டரியைக் குறைசொன்னார். அடுத்ததாகக் கூடத்தின் விளக்குகளைக் குறைசொன்னார். அதுவும் போதாதென்று, "நீ கொஞ்சம் கருப்பா உடுத்திட்டு வந்திருக்கேக்கா, அது வெளிச்சத்தை இழுத்துக்குது" என்றார். அக்கா உடுத்தியிருந்தது இளமஞ்சள்.

மணப்பெண் மறுபடியும் கெஞ்சினாள். மறுபடியும் இருவரும் நின்றார்கள். இடைவெளி இன்னும் சற்று விரிந்திருந்தது. இருட்டு வலப்பக்கம் விழுகிறதென்றால் கேமராவைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தால் தீர்ந்தது என்று வித்தகர் முடிவுசெய்தார். தீரவில்லை, இருட்டும் கூடவே திரும்பிவிட்டது. இந்த முறை நாத்தனார் சிரித்துக்கொண்டிருந்தார். அண்ணியைக் காணவில்லை.

"சரி, இப்ப என்னோட முறையா?" என்றார் அண்ணி.

நாத்தனார் அந்தச் சின்னத் திரையைப் பார்த்தார். பிறகு, இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு முதன்முறையாக, அண்ணியின் முகத்தைப் பார்த்தார். "உங்களை மட்டும் விட்டுவெப்பானா? சின்ன வயசிலிருந்தே இப்படித்தான். ரேடியோவைப் பிரிச்சுப்போட்டுட்டு, ரேடியோ மேல தப்புன்னான்" என்றார்.

"எங்க வீட்டு மிக்சியையும் அப்படித்தான் பண்ணினாரு. நான் சொன்னேனா? யாருகிட்டயும் சொல்லலை."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே அண்ணி."

வித்தகருக்கு இது எதுவும் காதில் விழவில்லை. "ரெண்டு பேரும் அப்படியே இருங்க. வேகம் பத்தலை, இன்னும் ஏத்தறேன்" என்று, கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்காமல், வேகத்தை மாற்றும் சக்கரத்தைக் கட்டைவிரலால் மளமளவென்று சுழற்றினார். ஏற்றுவதாகத்தான் நினைத்தார். கேமரா தலைகீழாக இருந்ததால் விரல் எதிர்த்திசையில் தள்ளிற்று. வேகம் ஐந்நூறிலிருந்து இறங்கி, இருநூறைத் தாண்டி, அறுபதையும் தாண்டி, பதினைந்தில் போய் நின்றது. அந்த நேரத்தில் நாத்தனார் அண்ணியின் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டார். இருவரும் ஒரே குரலில், "நீ கொஞ்சம் சும்மா இருக்கியா?", "நீங்க கொஞ்சம் சும்மா இருக்கீங்களா?" என்றார்கள். திடுக்கிட்ட விரல் பொத்தானை அழுத்திவிட்டது.

அந்தப் படத்தைப் புதுவீட்டின் சுவரில் நான் பார்த்திருக்கிறேன். பின்னால் அத்தனை விளக்குகளும் எரிகின்றன. இரண்டு முகங்களும் கல்லில் செதுக்கியதுபோல் தெளிவு; இரண்டிலும் கோபம், அதற்குள் அடக்கமுடியாத சிரிப்பு. அவரை நோக்கி நீட்டிய சுட்டுவிரல்கள் மட்டும் புகையைப் போலக் கலைந்திருக்கின்றன. தோளும் தோளும் ஒட்டியிருக்கின்றன. அண்ணியும் நாத்தனாரும் இப்போது வாரந்தோறும் தொலைபேசியில் பேசுகிறார்கள்; பேச்சின் பெரும்பகுதி வித்தகரைப் பற்றியது என்று கேள்வி.

வித்தகரும் அவ்வீட்டுக்கு வாராவாரம் போகிறார். வரும் விருந்தினர் ஒவ்வொருவரையும் அந்தச் சுவருக்கு அருகே அழைத்துச் சென்று, பின்னணி விளக்குகளுக்காகவே வேகத்தைக் குறைத்ததையும், எத்தனையில் வைப்பது என்று கணக்கிட்டதையும், அண்ணியையும் அக்காவையும் வேண்டுமென்றே கோபப்படுத்தியதையும் விளக்குகிறார். மணப்பெண் உள்ளறையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பாள். திருத்துவதில்லை. அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

அவரைப் பார்த்து இவ்வளவு நேரம் சிரித்தீர்கள், மகிழ்ச்சி. ஆனால், அன்பரே, ஷட்டரைப் பற்றி நான் எழுதியவற்றில் ஒன்று முழுவதும் சரியன்று என்றும், அதைத் திருத்தி எனக்கு உடனே ஒரு கடிதம் எழுதவேண்டும் என்றும் உங்கள் விரல் துறுதுறுக்கிறதா? எழுதுங்கள். தவறாமல் படிப்பேன். அடுத்த வரவேற்பில் மட்டும், நீங்கள் நிற்கும் பக்கமாக நான் வராமலிருந்தால் தயவுசெய்து வருந்தாதீர்கள்.