மஞ்சள் வட்டம் நீலமான விவரம்

கவுஞ்சி,
புதன்கிழமை காலை

மதிப்பிற்குரிய வேலுச்சாமி மாமா அவர்களுக்கு,

தங்கள் அக்கா மகள் மகாதேவி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். மேல்காட்டுப் பூண்டும் சுகம். அங்கே கொடைக்கானலில் தாங்கள், அத்தை, பிக்கப் வண்டி மூவரும் சுகமா என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருப்பேன். தாங்கள் என்னை ப்ளாக் செய்திருப்பதால் பேப்பரில் கேட்கிறேன். ப்ளாக் பட்டனைத் தாங்களே தேடிக் கண்டுபிடித்திருந்தால், அதை வடிவமைத்தவருக்கு என் பாராட்டுகள். அமுக்கியது அத்தை என்றால் அத்தைக்குப் பாராட்டுகள். இதைக் கண்டக்டர் ராஜேஷ்குமார் அண்ணனிடம் கொடுத்துவிடுகிறேன். மதிய பஸ்ஸில் வரும்.

விஷயம் தாங்கள் அறிந்ததே. வருகிற ஞாயிற்றுக்கிழமை பூண்டுச் சங்கக் கூட்டம். யார் மூட்டையை எந்த ஊரில் இறக்குவது என்று தங்கள் வண்டிக்குச் சொல்ல நான் செய்த 'மூட்டை' ஆப் தொடருமா, அல்லது தாங்கள் பழையபடி வண்டிக் கதவில் சாக்பீஸால் எழுதிக்கொள்வீர்களா என்று அன்றைக்கு முடிவு. அம்மா ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். "உன் மாமன் கூட்டத்துல எந்திரிச்சு நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், கோயமுத்தூருக்கு டிசைன் படிக்க அனுப்புறேன். இல்லேன்னா பேசாம டீச்சர் டிரெய்னிங் போ." ஆக, என் வாழ்க்கை தங்கள் ஒரு வார்த்தையில் இருக்கிறது. தாங்களோ சனிக்கிழமையிலிருந்து ஒரு வார்த்தையும் பேசுவதில்லை.

நடந்ததை நிதானமாக, யாரையும் குறை சொல்லாமல் விளக்க விரும்புகிறேன். குற்றம் ஆண்ட்ராய்டுடையது.

மாமா, ஒரு நிமிஷம் ஐபோனைப் பற்றிச் சொல்ல அனுமதி வேண்டும். ஐபோனில் பட்டன் பட்டன் மாதிரி இருக்காது. பாதி கரைஞ்ச சோப்பு மாதிரி இருக்கும். மூலை எல்லாம் அவ்வளவு வழவழப்பு. அமுக்கணும்னு தோணாது, தடவிக் குடுக்கணும்னு தோணும். ஆண்ட்ராய்டுல அதே பட்டன் செங்கல். ஐபோனில் ஒரு திரையிலிருந்து அடுத்த திரைக்குப் போறது மன்னவனூர் புல்மேட்டுல பந்தை உருட்டி விட்ட மாதிரி. ஆண்ட்ராய்டுல அதே காரியம் பூம்பாறை வளைவுல உங்க வண்டி கியர் மாத்துற மாதிரி. உங்க வண்டியைக் குறை சொல்லல. அதுக்கு வயசாச்சு, போனுக்கு என்ன கேடு? தமிழ் எழுத்தையே எடுத்துக்கோங்க. என் ஆண்ட்ராய்டுல எழுத்துக்கு மேல வர்ற சுழி பாதியில வெட்டுப்பட்டுப் போவுது, ஏதோ தாழ்வாரம் இடிச்ச மாதிரி. அதை நான் மூணு வருஷமா பாத்துப் பாத்து மனசு நொந்து கெடக்கேன். அதனாலதான் நம்ம ஆப்பை என் போனிலோ உங்க போனிலோ போட்டுப் பாக்கவே இல்ல. கொடைக்கானல் ஓட்டல்ல ரிசப்ஷன்ல இருக்கானே சித்தி மகன் கோகுல்ராஜ் அண்ணன், அவன் ஐபோன்ல மட்டும்தான் லிங்க்கைத் திறந்து பாத்தேன். அவன் போனை என் கையில குடுக்க மாட்டான். அவனே பிடிச்சுக்குவான், அடிப்பக்கம் கட்டை விரலை வச்சு மறைச்சுக்கிட்டு, நான் தள்ளி நின்னு பாக்கணும். அப்படிப் பாத்ததுக்கே எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அவ்வளவு அழகு.

அழகு எப்படி வந்துச்சுன்னு கேளுங்க. நம்ம ஊர்ல மூட்டைக்குப் பேர் எழுதுற பழக்கம் கிடையாது. வீட்டுக்கு ஒரு கலர்ல துணிக் கிழிசல், அதை மூட்டை வாயில கட்டி விட்டுடுவாங்க. சோலையம்மாள் பெரியம்மா வீடு மஞ்சள். பொன்னுவேல் அண்ணன் வீடு நீலம். பனிமூட்டத்துல பத்தடி தள்ளி நின்னாலும் எது யார் மூட்டைன்னு தெரியும். ஆனா நீங்க வண்டிக் கதவுல எழுதும்போது மட்டும் "சோலையம்மாக்கா 2, பூம்பாறை" அப்படின்னு பேரைப் போட்டு எழுதுவீங்க. மன்னிக்கணும் மாமா, ஒரு வரி மலை ஏறும், ஒரு வரி கீழ இறங்கும், சாரல் அடிச்சா பாதி ஊரைக் காணோம். அதைப் பாத்துட்டுத்தான் நான் ஆப் செய்யவே உக்காந்தேன். முதல்ல நானும் பேர் போட்டேன். சோலையம்மாள்னு போட்டா ரெண்டு வரிக்கு மடங்குது. பொன்னுவேல் ஒரே வரி. ஒரு பெட்டி உயரம், ஒரு பெட்டி குள்ளம். எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்கல. எதை எடுத்தாலும் ஆப் நிக்குமோ அதை எடுத்துடணும்னு வீடியோவுல ஒருத்தர் சொன்னார். பேரை எடுத்தேன். நின்னுச்சு. ஊருக்குக் கீழ ஒரு கலர் வட்டம், வட்டத்துக்குள்ள மூட்டை எண்ணிக்கை, அவ்வளவுதான். பூம்பாறை, மஞ்சள் வட்டம், ரெண்டு. கொடைக்கானல் ஹாஸ்டல், நீல வட்டம், ரெண்டு. சுத்தி வெள்ளை வெளேர்னு இடம். கோகுல் அண்ணன் போன்ல பாக்கும்போது, மாமா, ஏரி மேல ரெண்டு பூ மிதந்த மாதிரி இருந்துச்சு.

வெள்ளிக்கிழமை வெள்ளனே நீங்க வண்டியைக் கொண்டாந்து நிறுத்துனீங்க. உங்ககிட்ட நான் சொன்னது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. "மாமா, நீங்க இனிமே மூளையைப் போட்டுக் கொழப்பிக்க வேணாம். ஆப்பு என்ன சொல்லுதோ அதைச் செய்ங்க, போதும்." நீங்களும் ஆப்பு சொன்னதைச் செஞ்சீங்க. அதை நான் மறுக்கல. இவ்வளவு சொன்னபடி கேக்குற பயனர் உலகத்துலேயே யாருக்கும் கெடைச்சிருக்க மாட்டாங்க.

மஞ்சத்துணி மூட்டை ரெண்டும் சோலையம்மாள் பெரியம்மா ஒத்தை ஒத்தையா பொறுக்கி எடுத்த விதைப்பூண்டு. பூம்பாறையில கட்டிக் குடுத்திருக்கிற மக புவனா அக்கா ஊனுறதுக்குப் போக வேண்டியது. நீலத்துணி மூட்டை ரெண்டும் பொன்னுவேல் அண்ணனோட பொடிப்பூண்டு, ஹாஸ்டல் சமையலுக்கு. நீங்க நீலத்தைப் பூம்பாறையில இறக்குனீங்க. மஞ்சளை ஹாஸ்டல்ல இறக்குனீங்க. புவனா அக்கா நீலத்துணியைப் பாத்துட்டு, "அம்மாட்ட மஞ்சத்துணி தீந்துருச்சு போல"ன்னு அவுத்து, உள்ளார பொடிப்பூண்டைப் பாத்துட்டு, "இந்த வருசம் விதை சிறுத்துப் போச்சு"ன்னு அதுக்கும் மனசத் தேத்திக்கிட்டு, பாதி பாத்தி ஊனிட்டுத்தான் அம்மாவுக்குப் போன் போட்டிருக்கு. அதுக்குள்ள ஹாஸ்டல்ல ஒரு மூட்டையை உரிச்சு முடிச்சுட்டாங்க. இந்த வாரம் பூண்டு நல்லா பெருசா இருக்குன்னு வார்டன் பொன்னுவேல் அண்ணனுக்கு நன்றி சொல்லி மெசேஜ் அனுப்பிருக்காரு. பொன்னுவேல் அண்ணன் அதை அப்படியே சங்கத்து குரூப்புல போட்டுட்டாரு.

சாயங்காலம் பெரியம்மா எங்க வாசலுக்கு வந்து நின்னுது.

"ஏ புள்ள மகாதேவி, என் விதைப்பூண்ட ஹாஸ்டல் புள்ளைக ரசத்துல போட்டுத் தின்னுபுட்டு ஏப்பம் விடுதுக. நான் என்னத்த ஊன? உன் ஆப்பையா ஊன?"

"பெரியம்மா, ஆப்புல சரியாத்தான் இருக்கு, வேணும்னா பாருங்க."

"எனக்கு ஆப்புல என்னடி தெரியுது? ரெண்டு பொட்டு கெடக்கு. ஒன்னு மஞ்சப் பொட்டு, ஒன்னு நீலப் பொட்டு. என் பேரு எங்க?"

டிசைன் தெரியாதவங்க அப்படித்தான் கேப்பாங்கன்னு நினைச்சுக்கிட்டேன். மிச்சம் இருந்த ஒரு மூட்டையை நீங்க சனிக்கிழமை போய் ஹாஸ்டல்லேருந்து மீட்டுட்டு வந்தது உங்க பெரிய மனசு. அன்னைக்குத்தான் நீங்க என்னை வண்டிக்கிட்ட கூப்பிட்டு உங்க போனை நீட்டுனீங்க.

"இந்தா பாரு. நீ சொன்னதத்தான் நான் செஞ்சேன்."

பாத்தா பூம்பாறைக்குக் கீழ நீல வட்டம். ஹாஸ்டலுக்குக் கீழ மஞ்சள். பின்னால நான் விட்ட வெள்ளை வெளேர் இடம் பூராவும் தார் ரோடு மாதிரி கறுப்பு. வாட்ஸ்அப் பச்சை ரோஸா இருந்துச்சு. முகப்புல இருந்த அத்தை போட்டோவுல அத்தைக்கு முடி வெள்ளை, பல்லு கறுப்பு. உங்க போன்ல கலரை எல்லாம் தலைகீழாத் திருப்புற சுவிட்ச் ஒன்னு எங்கயோ விரல் பட்டு ஆன் ஆகிக் கெடக்கு.

"மாமா, எத்தன நாளா இப்படி இருக்கு?"

"சித்திரையிலேருந்து இருக்கும்."

"ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"நான் என்னத்தக் கண்டேன்? இந்த ஆப்புக்காரய்ங்க மாசத்துக்கு ஒருக்கா கலரை மாத்துறாய்ங்க. பழகிக்கிறதில்லையா? இந்தத் தடவ உங்கத்தையையும் சேத்து மாத்திப்புட்டாய்ங்கன்னு இருந்துட்டேன்."

"சோலையம்மாள் பெரியம்மா எதுக்கு ஹாஸ்டலுக்குப் பூண்டு போடுதுன்னு ஒரு செகண்டு யோசிக்கலியா?"

"யோசிச்சேன். நீதான யோசிக்காதீங்கன்ன."

அதுக்கப்புறம் நீங்க என்கிட்ட பேசல.

மாமா, இப்போ நீங்களே சொல்லுங்க, இது யார் தப்பு? கலரைத் திருப்புற சுவிட்சை ரெண்டு தட்டுல கை படுற இடத்துல வைக்கலாமா? ஐபோன்ல இப்படி நடக்குமா? கோகுல் அண்ணன் போன்ல அதே நாள், அதே லிங்க், மஞ்சள் மஞ்சளா இருந்துச்சு, நீலம் நீலமா இருந்துச்சு. ஒரே ஆப், ரெண்டு போன், ஒன்னுல சரி, ஒன்னுல தப்பு. அப்ப தப்பு போன்லதானே? இதை ஒரு சின்னப் புள்ளைகூட ஒத்துக்கும்.

ஆகையால் தங்களிடம் நான் பணிவுடன் வேண்டுவது: முதலாவது, தாங்கள் ஐபோனுக்கு மாற வேண்டும். இரண்டாவது, ஞாயிறன்று கூட்டத்தில் எழுந்து, ஆப்பில் பிழை இல்லை, ஆண்ட்ராய்டில்தான் பிழை என்று அறிவிக்க வேண்டும். மூன்றாவது, சோலையம்மாள் பெரியம்மா பேரைப் பற்றிக் கேட்டால், வெள்ளை இடம் என்பது டிசைனில் மிக முக்கியம் என்று தாங்கள் தங்கள் வார்த்தைகளில் விளக்க வேண்டும்.

அத்தைக்கு என் வணக்கத்தையும், வண்டிக்கு என் மரியாதையையும் தெரிவிக்கவும். பழனியாண்டவர் தங்களுக்கு நீண்ட ஆயுளும் தெளிந்த திரையும் அருளட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வார்த்தை ஒன்றுக்காகக் காத்திருக்கும்
மகாதேவி

பி.கு.: ஒட்டின கவரைப் பிரிச்சு எழுதுறேன் மாமா. கோகுல் அண்ணன் இன்னைக்கு லீவுல வந்திருக்கான். போன் சார்ஜ் ஏறலைன்னு முதல் தடவையா என் கையில குடுத்தான். அடிப்பக்கம் சார்ஜர் குத்துற ஓட்டை என் போன்ல இருக்கிற மாதிரியே இருந்துச்சு. சரின்னு செட்டிங்ஸ்ல போய் போனைப் பத்தின விவரத்தைத் திறந்தேன். ஆண்ட்ராய்டுன்னு போட்டிருக்கு. அதுவும் உங்க போன்ல இருக்கிறதைவிட நாலு வருஷம் பழசு. மேல ஐபோன் மாதிரி ஒரு தோலு போத்தி யாரோ அவன் தலையில கட்டிருக்காங்க.

"ஏண்ணே சொல்லல?"

"எங்க சொல்ல விட்ட? நீ பாட்டுக்கு மூலையைப் பாருண்ணே, மூலையைப் பாருண்ணேன்னு கண்ணத் தொடச்சுக்கிட்டு நின்ன. எனக்கு வாயே வரல."

கலரைத் திருப்புற சுவிட்ச் அதுலயும் இருக்கு. ரெண்டு தட்டுதான். சங்கடத்தோட கூகுள்ல தேடிப் பாத்தேன், நிஜ ஐபோன்லயும் இருக்காம். நான் சோப்புன்னு தடவிக் குடுத்தது செங்கல்தான் மாமா. செங்கல்லேயும் நல்லாத்தான் இருந்துச்சு, அதான் வயித்தெரிச்சல்.

அதனால மேல எழுதின மூணு வேண்டுகோளையும் அடிச்சுட்டதா வச்சுக்கோங்க. போன் மாத்த வேணாம். சுவிட்சை மட்டும் நான் வந்து அணைச்சுத் தாரேன், அத்தை பழைய கலருக்கு வந்துருவாங்க. ஞாயித்துக்கிழமை நீங்க ஒன்னும் சொல்ல வேணாம். நானே எந்திரிச்சு, பேரை எடுத்தது நான்தான்னு சொல்லிக்கிறேன். அம்மா டீச்சர் டிரெய்னிங்னு சொன்னா போறேன். வெள்ளிக்கிழமை வெள்ளனே மட்டும் முன்சீட்டுல எனக்கு ஒரு இடம் வைங்க. ஹாஸ்டல் வரைக்கும் வந்து நீங்க எதைப் பாக்குறீங்க, எப்படிப் பாக்குறீங்கன்னு பாத்துக்கிட்டே வரணும். கதவுல சாக்பீஸால எழுதியே வைங்க, அழிச்சுராதீங்க. சோலையம்மாள் பெரியம்மாவுக்கு ரெண்டு வரி குடுத்து, பெட்டியை உயரமாக்கிட்டேன். பாக்க நல்லால்ல. அப்படியே இருக்கட்டும்.

என் பையிலயும் துணி கட்டி விடுறேன். என்ன கலர்னு சொல்ல மாட்டேன். பேர் எழுதியிருப்பேன்.