தொட்டி நிரம்பினால் கத்தும் பெட்டி

இனி ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்தை விட்டுக்கொடுப்பதில்லை என்று சபதம் செய்தேன். மோட்டார் போட்டுவிட்டு மாடித் தொட்டிக்குக் காவல் இருந்தே என் பாதி ஆயுசு போய்விட்டது. தொட்டி நிரம்பியதும் தானாகக் கத்துகிற பெட்டி ஒன்றை நானே செய்தேன். சால்டரிங்கும் நானே. இரண்டு விரல் வெந்ததை வீட்டில் சொல்லவில்லை.

என் மனைவிக்கு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை. பூதக்கண்ணாடி வைத்துக் குறை கண்டுபிடிப்பாள். வீட்டில் கண்ணாடி தேவைப்படுவதில்லை.

"என்னங்க, சால்டர் பண்ணின ஃப்ளக்ஸ் பசையைத் துடைக்கவே இல்லையா? பிசுபிசுன்னு ஒட்டிட்டிருக்கு."

"அது பாதுகாப்புக்கு."

"கிழிஞ்சுது. ஈரம் பட்டா செம்புல களிம்பு ஏறும். தொட்டி காலியா இருக்கும்போதே கத்தும்."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஒரே ஒரு தடவை தப்பாக் கத்தட்டும். காயப்போட்ட துணியை ஆயுசுக்கும் நானே எடுத்து மடிக்கிறேன். போதுமா?"

"போதும்" என்றாள். உடனே ஒப்புக்கொண்டாளே, அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

முதல் ஞாயிறு. கண் செருகும் நேரம், பெட்டி அலறியது. மாடிக்கு ஓடினேன். தொட்டியில் கால்வாசிகூட இல்லை! எந்த முகத்தோடு இறங்குவது? கொடியிலிருந்த துணிகளை வாரிக்கொண்டு வந்தேன்.

"நிரம்பிடுச்சா?"

"தளும்புது! அப்படியே துணியையும் எடுத்துட்டேன்."

"அடடா, எவ்வளவு நல்ல மனசு! அப்படியே மடிச்சும் வச்சிடுங்க."

நான்கு ஞாயிறும் இதே கதை. தூக்கமும் போச்சு, இடுப்பும் போச்சு.

ஐந்தாவது ஞாயிறு, அவள் குளிக்கப் போன நேரம், பழைய டூத் பிரஷும் ஸ்பிரிட்டுமாகப் பெட்டியைத் திறந்தேன். களிம்பைத் திருட்டுத்தனமாகச் சுரண்டிவிட்டால் மானம் தப்பும்.

உள்ளே ஒரு பொட்டு அழுக்கில்லை. பளபளவென்று மின்னியது. ஓரத்தில் அவள் தொழிற்சாலையின் வட்டச் சீட்டு: 'சோதிக்கப்பட்டது'. தேதி, நான் பந்தயம் கட்டிய மறுநாள். கூடவே நான் வைக்காத ஒரு ஒயர். பிடித்துக்கொண்டே போனேன். சமையலறையில், அடுப்புக்குப் பக்கத்தில், ஒரு குட்டிப் பொத்தானில் போய் முடிந்தது.

ஈரத் தலையோடு அவள் வந்தாள்.

"அடிப்பாவி! அப்போ பெட்டி ஒரு தடவைகூடத் தப்பாக் கத்தலை! பந்தயத்துல நான்தான் ஜெயிச்சேன்!"

"பெட்டி பொய் சொல்லலைங்க. நாலு வாரமா காலித் தொட்டியைப் பார்த்துட்டு வந்து தளும்புதுன்னு சொன்னது யாரு?"

மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். அன்றைக்குப் பெட்டி கத்தக்கூட இல்லை.